மறு: சிறுநீர்ப்பை உட்படலக் கோளாறு – ‘அழற்சிக் கசிவு’ பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி உள்ளவர்களுக்கான நம் துண்டறிக்கையில், சிறுநீர்ப்பையின் உட்படலம் சிறுநீரைத் தடுக்கும் திறனை இழப்பதற்கு என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்ற பேச்சில் ஐயா ஒருவர் எழுதியிருந்தது:

> ‘அழற்சிக் கசிவு’ என்றே வைத்துக்கொள்ளலாம். காரணமும் விளைவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

ஐயா, அப்படி ஒரே சொல்லில் வருவதுதான் எனக்கு இடிக்கிறது. உட்படலத்தின் மேல்வரிசையில் இருப்பவை, குடைபோல் விரிந்து மூடும் குடைச்செல்கள். அவை ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டு, மேலே யூரோபிளாக்கின் புரதத் தகடுகளும் அதற்கும் மேல் வழுவழுப்பான பூச்சுமாக நிற்பதால்தான் மணிக்கணக்கில் தேங்கும் சிறுநீர் சுவருக்குள் இறங்குவதில்லை. இது கெட்டால் சிறுநீரிலுள்ள பொட்டாசியம் உள்ளே இறங்கி நரம்பு நுனிகளைச் சீண்டும். மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கிளர்ந்து, அழற்சியைத் தூண்டும் ஹிஸ்டமினைக் கொட்டும். அழற்சி கூடக்கூட செல்களின் பூட்டும் தளரும். படலக் கேடு, அழற்சி இரண்டில் எது முந்தியது என்பது இன்னும் முடிவாகவில்லை. அமெரிக்க மருத்துவர் ஹன்னர் 1915-இல் விவரித்த சிறுநீர்ப்பைப் புண் உள்ளவர்களுக்கு அழற்சி கண்கூடு. ஆனால் நாள்பட்ட வலியோடு வருகிற பெரும்பாலோருக்கு அந்தப் புண்ணே இருப்பதில்லை. அவர்கள் திசுவில் அழற்சி மிகக் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே அழற்சி தனிச்சொல், படலக் கேடு தனிச்சொல் என்று பிரித்துவிடுவோம்.

அப்புறம் ‘கசிவு’. துண்டறிக்கை வரைவைத் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். வருடக்கணக்காக அவதிப்படுபவர். அந்தச் சொல்லில் விரலை வைத்து, “எனக்கு எங்கப்பா கசியுது? நெறைய சேந்தா உயிர் போவுது, போயிட்டு வந்தா கொஞ்சம் தேவலை” என்றார். இங்கே கசிவு என்றால் இருமும்போது துணி நனைவது. நோயாளி தன் நோயையே அடையாளம் காணாத சொல் நமக்கு வேண்டாம்.

இன்னொரு நண்பர் தந்த ‘அரண் சிதைவு’ செவிக்கு இனிமைதான். ஆனால் ‘சிதைவு’ என்றதும் புற்றுநோயா என்று பதறுவார்கள். ஹயலுரானிக் அமிலத்தைக் குழாய்வழி செலுத்தி மேற்பூச்சை ஈடுகட்டப் பார்க்கும் சிகிச்சை இருக்கும்போது அவ்வளவு கடுமை எதற்கு?

என் பரிந்துரை ‘காப்பு நலிவு’. மின்காப்பு பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆடி மாதம் காப்புக் கட்டும் வடசென்னைத் தெருக்களில் அந்தச் சொல்லுக்கு விளக்கமே வேண்டாம். நலிவு, அளவு சொல்லவும் இடம் தருகிறது: லேசான காப்பு நலிவு, கடும் காப்பு நலிவு. ‘காப்பு நலிந்த உட்படலம்’ என்று பெயரெச்சமாகவும் ஓடுகிறது.

‘அழற்சி’ அப்படியே இருக்கட்டும். ஆனால் முதல் முறை வரும் இடத்தில் ‘கிருமி இல்லாமலும் வரும்’ என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் சூடு என்று பார்லித் தண்ணீரோடு நிற்பார்கள். அல்லது நீர்க்கடுப்பு என்று கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிறுநீர்க் கல்ச்சர்கூட எடுக்காமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கிப் போடுவார்கள். நான் தினமும் பார்ப்பது இது.

குடைச்செல்லின் மேலுள்ள பூச்சுக்கு ‘சளிப்பூச்சு’ சரிவராது, சளி என்றால் நெஞ்சுக்குப் போய்விடும். இப்போதைக்கு ‘வழுக்குப் பூச்சு’ என்று போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து