ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம்?

குழு: அம்மாயி வீடு, அம்மாபேட்டை, சேலம்

வெள்ளி

அண்ணன், இரவு 7.42
நாளை இரவு பெங்களூருவிலிருந்து வந்துவிடுவோம். திங்கள் விடியற்காலை திரும்ப வேண்டும். ஞாயிறு முழுதும் கையில் இருக்கிறது, ஏற்காடு போகலாம். ஏரியில் படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கரடிக் குகை, கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில். காலை 9 மணிக்குக் கிளம்பினால் ஏழையும் பார்த்துவிடலாம்.

சித்தி, 7.50
வாருங்கள், வாருங்கள். மலையில் நின்று ஒரு வாய் காபி குடிக்க எனக்கும் ஆசைதான்.

மாமா, 8.05
மாப்பிள்ளை, இந்த ஞாயிறு வேண்டாம். அரையாண்டு விடுமுறை. போன டிசம்பரில் அறுபதடிப் பாலத்துக்கு அருகே ஒன்றரை மணி நேரம் நின்றோமே, மறந்துவிட்டதா? ஏரியை வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். குழந்தை மூன்று முறை வாந்தி எடுத்தாள்.

அண்ணன், 8.09
இந்த முறை குப்பனூர் வழியாக ஏறிவிடலாம், மாமா.

மாமா, 8.11
எந்த வழியில் ஏறினாலும் கடைசியில் எல்லா வண்டியும் அதே ஏரிக்கரைக்குத்தானே வந்து சேர வேண்டும்?

அண்ணி, 8.15
பாப்பாவுக்கு மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், மாமா. பள்ளியில் எல்லோரிடமும் மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மாமா, 8.34
அம்மா, குழந்தையின் ஆசையைக் கெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மலையில் 22 வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும். விடுமுறை நாளில் இந்த இரண்டையும் மதிப்பவர்கள் குறைவு. பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார்கள். பாதி மலையில் கருகல் வாடை வரும். அந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரே நாளில் ஏழு இடம் பார்த்தால் ஏழு இடத்திலும் வண்டி நிறுத்த இடம் தேடியதுதான் நினைவிருக்கும். மலையில் இப்போது காபிப் பழம் பறிக்கிற காலம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் செடி முழுக்கச் சிவப்பாகக் காய்த்திருக்கும். 1820-களில் சேலத்துக்குக் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே கொண்டுவந்த பயிர் அது. தோட்டத்து ஓரமாக நிதானமாக நடக்கவே அரை நாள் வேண்டும். சேர்வராயன் மலை 5,326 அடி. குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, வெளியே காற்றில் சும்மா உட்கார வேண்டும். அவசரமாக ஓடுகிறவனுக்கு அது கிடைக்காது. விடுமுறை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு தங்குகிற மாதிரி வா. நானே அழைத்துப் போகிறேன்.

நான், 8.41
மாமா சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. போன முறை அம்மாயி வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

சித்தி, 8.44
அப்படியானால் சங்ககிரிக் கோட்டை? 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டியது.

அம்மா, 8.46
கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அது மலை ஏற்றம். அம்மாயியின் முழங்கால் தாங்காது.

நான், 8.52
தாரமங்கலமும் காவிரிக்கரைப் பூலாம்பட்டியும் போகலாமா? இரண்டும் மேற்கே ஒரே போக்கில் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவே கிடையாது. பாப்பாவுக்குப் படகும் உண்டு.

மாமா, 8.53
கண்ணு, நல்ல வார்த்தை சொன்னாய்!

அண்ணன், 8.55
தாரமங்கலம் கோயில்தானே? பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஒரு முறைகூடப் போனதில்லை.

மாமா, 9.02
அதுதான் எனக்கு வருத்தம். முக்கால் மணி நேரப் பயணம். நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் எடுப்பித்த கைலாசநாதர் கோயில். கல்லிலேயே கோத்த சங்கிலி தொங்கும். யாளியின் வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க முடியாது. பாப்பாவுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒரு தூணில் இராமன் வில்லோடு மறைந்து நிற்பான். அங்கிருந்து பார்த்தால் வாலியும் சுக்ரீவனும் சண்டையிடும் தூண் தெரியும். வாலி பக்கம் போய் நின்று பார்த்தால் இராமன் தெரியமாட்டான். அவளே நின்று பார்த்துச் சொல்லட்டும்.

அத்தை, 9.06
உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். 7 மணிக்கே கிளம்ப வேண்டும். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிவிடுகிறேன். ஆற்று மீன் கேட்பவர்கள் கோயிலுக்குப் பிறகு பூலாம்பட்டியில் சாப்பிடுங்கள், முன்னால் கூடாது.

அண்ணி, 9.10
படகில் பயம் இல்லையே, மாமா?

மாமா, 9.15
கதவணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருப்பதால் காவிரி அங்கே ஏரி போல நிற்கும். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தால் ஜனவரி 28 வரை பாசனத்துக்கு விடுவது வழக்கம், ஆகையால் இப்போது நீர் இருக்கும். அக்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். ஊர்க்காரர்கள் மோட்டார் சைக்கிளைக்கூடப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆனாலும் உயிர்காப்புச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள். ஆற்றில் இறங்கிக் குளிப்பது யாராக இருந்தாலும் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன், 9.18
சரி, மாமா. பாப்பாவிடம் மலை அடுத்த முறை என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிவிட்டது. யாளி வாயில் உருளும் கல் என்றதும் எழுந்து உட்கார்ந்தாள்.

ஞாயிறு

நான், காலை 8.20
வந்துவிட்டோம். வெயில் இன்னும் ஏறவில்லை. அம்மாயி சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடக்கிறார்.

சித்தி, 10.35
இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருவரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு குறை. ஒரு தூணில் யாரோ சாவியால் பெயர் கீறியிருக்கிறார்கள். எத்தனை சிற்பிகள் உளி பிடித்த கல்! பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அத்தை, பகல் 2.10
அக்கரை போய்த் திரும்பிவிட்டோம். மீன் வறுவல் நன்றாக இருந்தது. அம்மாயி படகில் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மா, மாலை 5.40
வீடு வந்தாகிவிட்டது. யாருக்கும் வாந்தி இல்லை, தலைவலி இல்லை. மீந்த புளிச்சோறு இரவுக்கு ஆயிற்று.

அண்ணி, 6.05
பாப்பா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறேன்: "தாத்தா, வாலி நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். எட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன், இராமர் தெரியவே இல்லை. அப்படியென்றால் அம்பு எங்கிருந்து வருகிறது என்று வாலிக்கு எப்படித் தெரியும்? அது சரியில்லையே?"

மாமா, 6.07
வாலியே அதைத்தான் கேட்டான், தங்கம். இரு, சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறேன். நேரில் பேசலாம்.