மறு: சப்ரஷனுக்கு ‘அடக்கல்’ சரி, ரிப்ரஷனுக்கு என்ன?

அன்பின் நண்பர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். சப்ரஷன், ரிப்ரஷன் என்ற உளவியல் சொற்களுக்குத் தமிழ் தேடும் உங்கள் மடல்களை மூன்று நாட்களாக வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். உளவளத்துணைப் பயிற்சிக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் வேலை கையில் இருக்கிறது. இந்த இரண்டு சொல்லும் அதில் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன: ஒன்று தெரிந்தே உள்ளே அடக்குவது, மற்றது தனக்கே தெரியாமல் மனத்துக்குள் மறைந்துபோவது. இனிச் சும்மா இருக்க முடியாது.

> சப்ரஷன் அமுக்கம், ரிப்ரஷன் ஒடுக்கம் என்று வைத்தால் போதாதா?

போதாது ஐயா. இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் என்றால் நீங்கள் அழுத்தம் என்கிறதுதான். குருதி அமுக்கம், வளியமுக்கம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் இங்கே தோணியை மேட்டுக்கு இழுத்துவிடுவார்கள். அந்தச் சொல்லை மனத்துக்குக் கொடுத்தால் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் பிரஷர் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். ஒடுக்கமும் அப்படித்தான். உயர்தரத்தில் உயிரியல் படித்தவருக்கு அது ஒடுக்கற்பிரிவை, அதாவது மியோசிஸ் என்ற கலப்பிரிவை நினைவூட்டும். படிக்காதவருக்கு ஒடுக்குமுறை. இந்த மாகாணத்தில் அந்தச் சொல்லை அரசியல் இல்லாமல் கேட்கிற காது கிடையாது.

(1936ல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்தர் எங்கள் காரைதீவில் பிறந்தவர். அவர் போய் இருந்து பேசியும் அமுக்கமும் அழுத்தமும் இன்னும் தனித்தனிக் கரையில்தான் நிற்கின்றன.)

> அடக்கம் நல்ல சொல், குறளிலேயே இருக்கிறது.

நல்ல சொல்தான் அக்கா. ‘நினைவுகளின் அடக்கம்’ என்று தலைப்புப் போட்டு ஒரு படி அச்செடுத்தும் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “எத்தனை மணிக்கு? எந்தச் சேமக்காலை?” என்றார். எங்கள் ஊர் மரண அறிவித்தல்களில் நல்லடக்கம் என்று வாசித்துப் பழகிய கண் அது. ஆகவே அடக்கம் வேண்டாம், அடக்கல் இருக்கட்டும். அடக்குவது ஒரு செயல் என்பதும் அதில் தெரிகிறது.

இனி வித்தியாசத்துக்கு வருகிறேன். கல்லாற்றில் எங்கள் பெரியம்மா இருக்கிறா. 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி யாராவது பேச்செடுத்தால், “அந்தக் கதைய விடு மகன்” என்று குசினிக்குள் போய்த் தேங்காய் திருவத் தொடங்கிவிடுவா. ஒரு பாதி போதும் என்ற கறிக்கு இரண்டு பாதி திருவி முடிந்திருக்கும். தொண்டை வரை என்ன வந்து நிற்கிறது என்று அவவுக்குத் தெரியும், அதை உள்ளே இறக்குவதும் தான்தான் என்று தெரியும். பிறகொரு நாள் தானாகவே சொல்லுவா. இது சப்ரஷன்.

அவவின் பேரனுக்கு அன்றைக்கு ஐந்து வயது. கேட்டால் “தெரியா” என்பான். மறைக்கவில்லை, உண்மையாகவே தெரியாது. ஆனால் அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் அவன் படுப்பதில்லை. செங்கலடிப் பக்கம் அறை எடுத்திருக்கிறான். காரணம் கேட்டால் உப்புக் காற்று ஒத்துக்கொள்வதில்லையாம். ரிப்ரஷன் என்று கோட்பாடு சொல்வது இந்த மாதிரியைத்தான். இவனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, நோயறிவது என் வேலை அல்ல. ஐந்து வயது ஞாபகம் தன்பாட்டிலும் அழியும். அமெரிக்காவில் 1990களில் எலிசபெத் லாஃப்டஸ் போன்ற உளவியலாளர்கள் இப்படி மறந்து மீண்ட நினைவுகள் என்று சொல்லப்பட்டவற்றையே கேள்வி கேட்டார்கள், நடக்காததை நடந்ததாக நினைக்கவைக்க முடியும் என்றும் பரிசோதித்துக் காட்டினார்கள். அந்தச் சண்டையைத் தமிழில் எழுதவும் ஒரு சொல் வேண்டுமே.

வயலில் வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணீர் போக வெட்டிய வழியை, மண்வெட்டியால் அடைக்கிறவருக்குத் தான் அடைத்தது தெரியும். வேண்டும்போது வெட்டிவிடுவார். வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரம் அப்படி அல்ல. கோடையில் கடல் மணலை ஒதுக்கி ஒதுக்கி அது தானே மூடிக்கொள்ளும், யாரும் கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை. மாரி வந்தால் வாவித் தண்ணீர் போக வழியில்லாமல் படுவான்கரைத் தாழ்ந்த வயலுக்குள் ஏறும். அடைபட்டது ஓரிடம், அவதிப்படுவது வேறிடம்.

இதற்குத் தமிழில் ஒரே வேரில் இரண்டு சொல் தேடி அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ‘பிரஸ்’. முன்னொட்டு மட்டும் வேறு, அதனால்தான் இந்தக் குழப்பம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டின் ஜெர்மனில் இரண்டும் வேறு வேறு வினைகள்: சப்ரஷன் கீழே அமுக்குதல், ரிப்ரஷன் அப்பால் தள்ளுதல். நம்மிடம் தன்வினை, பிறவினை இருக்கிறது. சப்ரஷனுக்குப் பிறவினை: அடக்கல். ரிப்ரஷனுக்குத் தன்வினை: அமிழ்வு. ‘அடக்கிய கோபம்’ என்றதும் அடக்கிய ஆள் உள்ளே வந்துவிடுகிறார். ‘அமிழ்ந்த நினைவு’ என்றால் ஆள் இல்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

‘தூர்வு’ என்றும் யோசித்தேன். கிணறு தூர்ந்துபோனது என்கிறோமே. ஆனால் தூர்ந்த கிணற்றில் தண்ணீர் இல்லை. இங்கே தண்ணீர் இருக்கிறது.

> ரிப்ரஷனுக்கு எந்தச் சொல் வைத்தாலும் அதில் விசை வேண்டாமா? ஃபிராய்டு சொன்னது தள்ளல் அல்லவா?

இதுதான் வந்ததிலேயே வலுவான கேள்வி. ரிப்ரஷன் பற்றிய 1915 கட்டுரையில் அவர், இது ஒரு தடவை நடந்து முடிகிற காரியம் அல்ல, விடாமல் விசை செலவாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார். ‘உள்தள்ளல்’ என்று வைத்தால் விசை வந்துவிடும், சரி. அப்புறம் தள்ளியது யார் என்று வகுப்பில் முதல் கை உயரும், திரும்பவும் அடக்கலுக்கே போய்விடுவோம். கிடுகு பின்ன வாவியில் ஓலை ஊறப்போடுகிறவர்கள் மேலே கல் ஏற்றி வைப்பார்கள். கல் நழுவினால் ஓலை மிதந்துவிடும். அமிழ்ந்தது என்றாலே மேலே ஏதோ பாரம் இருக்கிறது என்பது இங்கே சொல்லாமலே விளங்கும். சென்னையில் விளங்காது என்றால், அந்த இழப்பை நான் ஏற்கிறேன்.

உயிரியல்காரர்களுக்கு ஒரு வரி. இந்தச் சோடியை அங்கே அப்படியே கொண்டுபோக வேண்டாம். 1961ல் ஜேக்கப், மோனோ என்ற உயிரியலாளர்கள் சொன்ன ரிப்ரஸர், பாக்டீரியாவின் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு லாக்டோஸைச் செரிக்கிற மரபணுவை நிறுத்துகிறது, லாக்டோஸ் (பால் சர்க்கரை) வந்தால் விலகுகிறது. அது வக்கடை, முகத்துவாரம் அல்ல. அதற்கு ‘அடக்கி’ போதும். சப்ரஸர் மியூட்டேஷன் என்பதோ மரபணுவில் வந்த முதல் மாற்றத்தின் விளைவை மறைக்கிற இரண்டாவது மாற்றம். நான் ‘ஈடுசெய் விகாரம்’ என்பேன். தமிழகத்து நண்பர்கள் பயப்பட வேண்டாம், எங்கள் பாடநூலில் மியூட்டேஷன்தான் விகாரம்.

திங்கட்கிழமை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது. அமிழ்வு வேண்டாம் என்கிறவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், அதைப் பெரியம்மாவின் பேரனைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் வைத்தும் காட்டுங்கள்.