ஜெர்மனி வந்த முதல் வாரங்கள்: வங்கி அப்புறம், தபால் பெட்டி முதலில்

ஸ்டுட்கார்ட், மென்பொருள் வேலை, மனைவி குழந்தையுடன்

ஜெர்மனிக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்பார்கள், சிம் கார்டைப் பற்றிக் கேட்பார்கள். தபால் பெட்டியில் முதலில் பெயர் ஒட்டுங்கள் என்றால் சிரிப்பார்கள். வந்து ஒரு மாதம் கழித்து அவர்களே போன் செய்வார்கள்.

இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் நம் ஊர்போல வீட்டுக்கு வீடு கதவு எண் கிடையாது. தெருப் பெயரும் கட்டட எண்ணும்தான் முகவரி. ஒரு கட்டடத்தில் பத்துக் குடும்பம் இருந்தாலும், பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையா, கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை, அந்த அட்டைக்கான ரகசிய எண் எல்லாம் இந்த ஊரில் தாளில்தான் வரும், அதுவும் தனித்தனி உறைகளில்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் இது சாதாரணம். ஆனால் வீட்டைப் பராமரிக்கும் நிறுவனம் என் குடும்பப் பெயரை மட்டும் பெயர்ப்பலகையில் பொறித்து மாட்டிவிட்டுப் போனது. மனைவிக்கும் மகளுக்கும் வர வேண்டிய வரி எண் கடிதங்கள் எங்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கின்றன. மறுபடி கேட்டால் போனிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள், தகவல் பாதுகாப்பாம். பதிவான முகவரிக்கு மீண்டும் கடிதம்தான் போடுவார்கள். அதாவது அதே பெட்டிக்கு.

மகளின் வரி எண் வராததால் குழந்தைகளுக்கான உதவித்தொகை விண்ணப்பமும் நின்றது. 2025-இல் இது ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ. தாமதமாக விண்ணப்பித்தால் முந்தைய ஆறு மாதங்களுக்கு மட்டும்தான் பின்தேதியிட்டுத் தருவார்கள். கடைசியில் ஒரு தாளில் மூன்று பெயர்களையும் பெரிதாக எழுதி, பெட்டியிலும் அழைப்புமணியிலும் டேப் போட்டு ஒட்டினேன். நாங்கள் உள்வாடகைக்கு ஆள் வைத்துவிட்டோமோ என்று கீழ்வீட்டுப் பாட்டிக்குச் சந்தேகம். விசாரித்துவிட்டே போனார். கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வரத் தொடங்கின.

சரி, அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவுக்கு வருகிறேன். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. இன்னார் இன்ன தேதியில் குடிவந்தார் என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தனித் தாள் வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இப்படித்தான். சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் வாங்கிவிடுங்கள். பெரிய நகரங்களில் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைப்பதே பாடு. காலை அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையதளத்தைப் பார்த்தால், யாராவது ரத்து செய்த இடம் கண்ணில் படும்.

எங்களுக்கு வாய்த்த அலுவலர் அம்மா பொறுமைசாலி. மூன்று கடவுச்சீட்டையும் வரிசையாக வைத்து, யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுக் கேட்டுத் தட்டினார். திருமணச் சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தது. நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் கேட்டார். ஆங்கிலத்தையே ஏற்றுக்கொண்ட அலுவலகங்களும் உண்டு, அது எதிரில் இருப்பவரைப் பொறுத்தது. இதில் சோம்பல் வேண்டாம். திருமணம் பதிவாகவில்லை என்றால் சம்பளத்தில் தனி ஆளுக்கான ஒன்றாம் வரி வகுப்பே பிடிப்பார்கள். பதிவானால் இருவருக்கும் நான்கு. ஒருவர் மட்டுமே சம்பாதிக்கிற வீடென்றால் மூன்று-ஐந்து என்று மாற்றக் கேட்கலாம், மாதச் சம்பளத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். வரி எண்ணே வந்து சேராமல் இழுத்தால், மிக அதிகமாக வரி போகும் ஆறாம் வகுப்பில் பிடிக்கவும் வழி இருக்கிறது. அந்தப் பணம் வருடக் கணக்கு போடும்போது திரும்பி வரும், ஆனால் புது வீட்டுக்கு முன்பணம் கட்டிய கையோடு யாருக்கு அந்தப் பொறுமை?

பதிவு முடிந்து அச்சிட்டுத் தரும் தாளை அங்கேயே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். அங்கே பதிவாகும் பெயர்தான் வரித்துறை முதல் ஒலிபரப்புக் கட்டணம் வரை எல்லா இடத்துக்கும் போகிறது.

ஆகன் நகரம், முதுகலை மாணவர்

அண்ணா, உங்களுக்குப் பெட்டியாவது இருந்தது. அக்டோபரில் நான் வந்தபோது வீடே இல்லை. மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல். தற்காலிகமாக எடுத்த அறையின் உரிமையாளர் பதிவுத் தாளில் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். சட்டப்படி அவர் தந்தாக வேண்டும்தான், ஆனால் வந்து இறங்கியவனால் சட்டம் பேச முடியுமா?

மாணவர் விசாவுக்காக முன்பே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் எனக்கு 11,904 யூரோ இருந்தது. மாதம் 992 வீதம்தான் விடுவிப்பார்கள், அதுவும் இங்கே நடப்புக் கணக்கு தொடங்கிய பிறகு. நான் போன வங்கி முகவரிப் பதிவைக் கேட்டது. இணைய வங்கி ஒன்றில் முயன்றால், வீடியோவில் அடையாளம் காட்டும்போது இந்தியக் கடவுச்சீட்டு செல்லாது என்று பாதியில் துண்டித்தார்கள். சொந்தப் பணம் கண்ணெதிரே இருக்க, சீனியர் அறையில் தரையில் படுத்துக்கொண்டு அவர் சமைத்த சாம்பாரைச் சாப்பிட்டேன்.

அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்தார். குடியிருக்க வேண்டாம், பணம் கொடுத்தால் முகவரி மட்டும் தருகிறேன் என்றார். தயவுசெய்து யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள். போலி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட முடியும், பதிந்தவருக்கும் சிக்கல். கடைசியில் இன்டர்ன்ஷிப்புக்கு வேறு ஊர் போன மாணவர் ஒருவரின் அறையை உள்வாடகைக்கு எடுத்தேன். இது பலருக்குத் தெரியாது: கட்டட உரிமையாளர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதில்லை, உள்வாடகைக்கு விடும் முதல் வாடகைதாரரும் அந்தத் தாளைத் தரலாம். தாள் கைக்கு வந்ததும் மீதி எல்லாம் வரிசையாக நடந்தது.

இன்னொன்று. விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். டெர்மின் தள்ளிப் போனாலும், தேதிக்கு முன் விண்ணப்பித்தவருக்கு முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடரும், அதற்கு ஓர் இடைக்காலச் சான்றும் தருவார்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மியூனிக், குடும்ப விசாவில் வந்தவர்

ஸ்டுட்கார்ட் அண்ணா மனைவியின் கடிதங்கள் திரும்பியதை ஒரு பத்தியில் முடித்துவிட்டார். அந்த மனைவி இடத்திலிருந்து நான் சொல்கிறேன்.

நான் வந்தபோது வீட்டு ஒப்பந்தம், மின்சாரம், இணையம், வங்கி எல்லாம் கணவர் பெயரில் இருந்தன. எதையும் மறைக்கவில்லை, அவர் முன்பே வந்து ஏற்பாடு செய்தது அப்படி. ஆனால் நான் இங்கே வசிக்கிறேன் என்பதற்கு என் கையில் முகவரிப் பதிவுத் தாள் ஒன்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. நூலக அட்டை வாங்கியதும் அதை வைத்துத்தான். எனவே வருகிற பெண்களுக்கு என் யோசனை: வேலை தேடுகிறீர்களோ இல்லையோ, உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அரசுக் காப்பீட்டில் சம்பளம் இல்லாத துணைக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா கிடையாது, ஆனால் அட்டை தனியாக வரும், அதற்குப் புகைப்படமும் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ஒருங்கிணைப்பு வகுப்புக்கான கடிதத்தையும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி அட்டைக்காகப் போகும் அன்றே கேளுங்கள். 600 மணி மொழி, 100 மணி நாட்டைப் பற்றிய பாடம். மொழி வந்த பிறகு அலுவலகத்துக்குத் தனியாகப் போவேன் என்று தள்ளிப்போட வேண்டாம். நான் தனியாகப் போனபோதுதான் எதிரில் இருந்தவர் என்னைப் பார்த்துப் பேசினார். அதுவரை கேள்வி எல்லாம் என் கணவரைப் பார்த்துத்தான்.

பிராங்க்பர்ட், தூத்துக்குடிக்காரர்

பதிவுத் தாளில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஊர் வழக்கப்படி ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதினேன். முதல் சம்பளச் சீட்டில் தேவாலய வரி என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. வருமான வரியில் 9 சதவீதம், பவேரியாவிலும் ஸ்டுட்கார்ட் பக்கமும் 8. விலக வேண்டுமென்றால் முறையாக எழுதிக் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னால் ஆகாது. நான் விலகவில்லை, பிள்ளைகளுக்கு இங்கேதான் ஞானஸ்நானம் ஆனது. நிரப்பும்போதே தெரிந்து நிரப்புங்கள், அவ்வளவுதான். இந்து நண்பர்களுக்கு இந்தக் கட்டத்தால் பாதிப்பு இல்லை.

டோர்ட்முண்ட், யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர்

பிள்ளைகள், நீங்கள் சொல்வதை எல்லாம் வாசித்தேன். நாங்கள் வந்த நேரம் அகதி விண்ணப்பம் போட்டவர் மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதித் தாள் வாங்க வேண்டும். பக்கத்து நகரத்தில் இருக்கிற சொந்தக்காரரின் கலியாணத்துக்குப் போகவும் அதுதான் விதி. அதனால் கடிதத்துக்குப் பயப்பட நாங்கள் அப்போதே பழகிவிட்டோம்.

இப்போதும் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற நாட்களில் யாராவது ஒரு பிள்ளை பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டும். நான் முதலில் கேட்பது உறை எங்கே என்றுதான். மஞ்சள் உறையில் வருகிற கடிதத்தில், பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையிலேயே எழுதிவிட்டுப் போவார். நீங்கள் திறந்தீர்களோ இல்லையோ, பதில் சொல்ல வேண்டிய தவணை அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். அபராதக் கடிதத்துக்கு எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு கிழமைதான், அதாவது இரண்டு வாரம். மற்ற அலுவலக முடிவுகளுக்குப் பெரும்பாலும் ஒரு மாதம், அது கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். உறையை எறிந்துபோட்டு வந்தால் நான் எதை வைத்துக் கணக்குப் பார்க்கிறது? விளங்காத கடிதத்தை நண்பருக்குப் படம் எடுத்து அனுப்பலாம், போனில் மொழிபெயர்த்தும் பார்க்கலாம். ஆனால் அன்றைக்கே செய்யுங்கள். மேசையில் அடுக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

ஆகன் தம்பிக்கு: தரையில் படுத்தது நல்லது, போலி முகவரிக்குப் போகாதது அதைவிட நல்லது.

லைப்சிக், வந்து சில வாரங்களே ஆனவர்

ஒரு சின்னக் கேள்வி. ஒலிபரப்புக் கட்டணம் என்று எனக்கும் அறை நண்பருக்கும் தனித்தனியாகக் கடிதம் வந்திருக்கிறது, மாதம் 18.36 யூரோ. எங்களிடம் டிவியே இல்லை. இல்லை என்று எழுதிப் போட்டால் விட்டுவிடுவார்களா?

ஸ்டுட்கார்ட்

விட மாட்டார்கள். டிவி, ரேடியோ எதுவும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். யாராவது ஒருவர் பெயரில் கட்டுங்கள். மற்றவர் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டு, இதே வீட்டில் ஏற்கெனவே கட்டுகிறோம் என்று பதில் எழுதினால் போதும். பதில் எழுதாமல் விட்டால் அவர்களாகவே இன்னொரு கணக்குத் தொடங்கி நிலுவை போடுவார்கள். பெட்டியில் இருவர் பெயரும் இருக்கிறதுதானே?