லைப்ரரியில "இந்த புக்கைத் தூக்குங்க"ன்னு யாராச்சும் சண்டை போட்டு பாத்திருக்கீங்களா? அனுபவம் இருந்தா போடுங்க

ஈசூன் அம்மா:

போன சனிக்கிழமை நடந்தது, இன்னும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது, அதான் எழுதுறேன்.

எங்க வீட்டுப் பக்கத்து லைப்ரரி. எதுன்னு கேக்காதீங்க, அங்க வேலை பாக்குற பொண்ணுக்குத் தொல்லையாயிடும். நான் தமிழ் ஷெல்ஃபுக்கு முன்னாடி தரையில குந்திக்கிட்டு கீழ்த்தட்டுல தேடிக்கிட்டு இருக்கேன், ஒரு அங்கிள் வந்தாரு, அறுபத்தஞ்சு இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, மேல்தட்டுலேர்ந்து ஒரு நாவல உருவி எடுத்துக்கிட்டு நேரா ஆள் உக்காந்திருக்கிற மேசைக்குப் போயி டொப்புன்னு வச்சாரு. மேசையில ஒரு மலாய்ப் பொண்ணு, தலையில துடோங் துணி போட்டிருந்துச்சு, இருபத்தஞ்சு கூட இருக்காது. இந்த புக்கு எங்க சாதிக்காரங்களக் கேவலமா எழுதியிருக்கு, இப்பவே எடுக்கணும், பிள்ளைங்க வர்ற இடம் இது, அப்படின்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சாரு. சிங்கப்பூர்ல ஏது சாதின்னு கேப்பீங்க. இருக்குங்க, கல்யாணப் பேச்சு எடுத்துப் பாருங்க தெரியும், இப்ப லைப்ரரி மேசை வரைக்கும் வந்துருச்சு.

அந்தப் பொண்ணுக்கு தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. அட்டைய இப்படித் திருப்புது அப்படித் திருப்புது. "எந்தப் பக்கம் அங்கிள்?"னு கேட்டுச்சு. அவரு போனை எடுத்து யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புன படத்தக் காட்டுறாரு, ஒரே ஒரு பக்கம், மஞ்சக் கோடு போட்டது. கையில இருக்கிற புக்குல அந்தப் பக்கத்தத் தேடினாரு தேடினாரு கிடைக்கல, பதிப்பு வேற போல. அதுல கோவம் இன்னும் ஏறிடுச்சு. எம்பிய எனக்குத் தெரியும், அடுத்த மீட் த பீப்பிள் செஷன்ல போயி உக்காருவேன், உன் பேரு என்னன்னு குனிஞ்சு பேட்ஜப் படிச்சாரு. அது கை நடுங்குனத நான் பாத்தேன். குரல் மட்டும் நடுங்கல. நீங்க எழுதிக் குடுங்க அங்கிள், தமிழ் தெரிஞ்சவங்க முழுசாப் படிச்சுட்டு பதில் சொல்லுவாங்க, அது வரைக்கும் புக்கு ஷெல்ஃப்லதான் இருக்கும்னு சொல்லி ஒரு தாளும் பேனாவும் நகத்தி வச்சுச்சு.

அப்புறம் சுத்திப் பாத்துச்சு. என்னப் பாத்துச்சு. "ஆண்ட்டி, நீங்க தமிழ் படிப்பீங்கதானே? இந்த புக்கு தெரியுமா?"

நான் அத ரெண்டு தடவ படிச்சிருக்கேன். அந்த அங்கிளும் என்னத் திரும்பிப் பாத்தாரு, கோயில்ல பாத்த முகம் மாதிரி இருந்துச்சு. "இல்லம்மா, படிச்சதில்ல"ன்னு சொல்லிட்டு பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். லிஃப்ட்ல மக கேக்குறா, "மா, நீ அதப் படிச்சு அழுதியே?"

இதே நான்தான் 2014 ஜூலை 13, ஞாயித்துக்கிழமை, விக்டோரியா ஸ்ட்ரீட் நேஷனல் லைப்ரரிக்குக் கீழ தரையில இவள மடியில வச்சுக்கிட்டு உக்காந்தவ. அப்ப இவளுக்கு மூணு வயசு. மறந்தவங்களுக்குச் சொல்றேன், மூணு சிறுவர் புக்க எடுத்துட்டாங்க, அதுல ஒண்ணு நியூயார்க் மிருகக்காட்சிசாலையில ரெண்டு ஆண் பெங்குவின் சேந்து ஒரு குஞ்ச வளர்த்த நிஜக் கதை. ஒரு ஆள் ஈமெயில் போட்டாரு, ரெண்டு நாளுக்குள்ள நடவடிக்கை. எடுத்தத அரைச்சுக் கூழாக்கப் போறோம்னு தெரிஞ்சதும்தான் ஊரே கொந்தளிச்சுது. எழுத்தாளருங்க நிகழ்ச்சிய ரத்து பண்ணாங்க, சிங்கப்பூர் இலக்கியப் பரிசு நடுவருங்க மூணு பேரு விலகுனாங்க, நாங்க நானூறு பேரு கிட்ட பிள்ளைங்களோட உக்காந்து அதே புக்கப் படிச்சோம். 18ஆம் தேதி அமைச்சர் யாக்கோப் இப்ராகிம் ரெண்டு புக்க பெரியவங்க பிரிவுக்கு மாத்தச் சொன்னாரு. மூணாவது அதுக்கு முன்னாடியே கூழாயிருச்சு.

நானூறு பேரோட உக்காரும்போது எனக்குப் பயமே இல்ல. ஒரு அங்கிள், இஸ்திரி போட்ட சட்டை, அவ்ளோதான், வாய் ஒட்டிக்கிச்சு. உங்களுக்கு யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?

பிடோக் பெரியவர்:

அம்மா, உங்களத் திட்ட மாட்டேன். நான் முப்பது வருசம் புத்தகத்தோட குடும்பம் நடத்துனவன், இப்ப ரிட்டயர்ட். அந்தப் பொண்ணு செஞ்சதுதான் சரியான முறை. எழுதி வாங்கணும், முழுப் புத்தகத்தையும் ஒருத்தர் படிக்கணும், அது வரைக்கும் அலமாரியிலேர்ந்து அசைக்கக் கூடாது. கேக்க லேசாத்தான் இருக்கும், ஆனா எதிர்ல நிக்கிற ஆளு எம்பி பேரச் சொல்லும்போது அதச் சொல்ல நெஞ்சுல கொஞ்சம் தைரியம் வேணும்.

ஒரு விசயம் மட்டும் பிரிச்சுச் சொல்லணும், ஏன்னா இதுல நெறைய பேரு குழம்புறாங்க. லைப்ரரியில புத்தகத்தக் கழிக்கிறது எப்பவும் நடக்கும், நாங்க வீடிங்னு சொல்லுவோம், களையெடுப்பு மாதிரி. கிழிஞ்சது, பல வருசமா ஒருத்தரும் எடுக்காதது, புதுப் பதிப்பு வந்தது எல்லாம் போகும், அதுல ஒரு பகுதி கொறஞ்ச விலைக்கு விக்கிற புத்தக விற்பனைக்குப் போகும். அது தடை இல்ல. தமிழ்ல இந்தத் தொல்லை சாஸ்தி, எடுக்கிற ஆளே கம்மி, கணக்கு ஏறாது, நல்ல நாவல் எல்லாம் சத்தமில்லாம போயிடும். வெளியேர்ந்து ஒருத்தர் நெருக்கி எடுக்க வைக்கிறது வேற. எடுக்கிற கை ஒண்ணுதான், வெளிய நிக்கிறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதுதான் ஆபத்து, ஏன்னா நெருக்கி எடுத்ததக் கூட களையெடுப்புன்னு சொல்லி முடிச்சுடலாம்.

என் அனுபவம் ஒண்ணு. தொண்ணூறுகள்ல ஒரு சங்கத்துக்காரர் வந்தாரு, எனக்குப் பழக்கமானவருதான், கோப்பி வாங்கிக் குடுத்தாரு. பேச்சோட பேச்சா ஒரு புத்தகத்தோட பேரச் சொல்லி, இத யார் யாரு எடுத்துட்டுப் போறாங்கன்னு பாத்துச் சொல்லேன், சும்மா தெரிஞ்சுக்கத்தான்னாரு. நான் சொல்ல மாட்டேன்னேன். சிரிச்சுக்கிட்டே போனாரு, அதுக்கப்புறம் சங்கத்து விழா எதுக்கும் எனக்கு அழைப்பு வரல. பரவாயில்ல, அங்க பிரியாணியும் சுமார்தான்.

அமெரிக்காவுல கனெக்டிகட்ல 2005ல நாலு லைப்ரேரியனுங்களுக்கு இதவிடப் பெரிய சோதனை. எஃப்பிஐ ஒரு கடுதாசி குடுத்து லைப்ரரி கம்ப்யூட்டர யாரு பயன்படுத்துனான்னு கேட்டுச்சு, கூடவே வாயத் திறக்கக் கூடாதுன்னு பூட்டு. கடுதாசி வந்ததக் கூட வெளிய சொல்ல முடியாது. அப்படியும் கோர்ட்டுக்குப் போனாங்க, பேரு இல்லாம வழக்கு நடத்துனாங்க, 2006லதான் அந்தப் பூட்டு கழண்டுச்சு. தகவல் கடைசி வரைக்கும் குடுக்கல. நான் ஒரு அழைப்பிதழ் போச்சேன்னு வருத்தப்பட்டவன், இதப் படிச்சப்ப வெக்கமாப் போச்சு.

யாழ்ப்பாணத்தான் பூன் கெங்:

நான் எங்கட கதையைச் சொல்லுறன். 1981ல எனக்கு ஒன்பது வயசு. மே முடிஞ்சு ஜூன் பிறந்த இரவுதான் யாழ்ப்பாண லைப்ரரியை எரிச்சவங்கள், அந்தக் கிழமை தேர்தல், ஊருக்குள்ள பொலிஸ் நிறைய. விடிய எழும்பினா முத்தத்தில கருகின கடதாசி. அப்பா வாத்தியார், அவர் குனிஞ்சு ஒரு துண்டை எடுத்தவர், அரைவாசி எரிஞ்ச பக்கம், தொட்ட உடன பொடியாப் போச்சு. அவர் கையைக் கழுவாம கனநேரம் அப்பிடியே நிண்டவர். 97 ஆயிரம் புத்தகம் எண்டு பிறகு வாசிச்சுத் தெரிஞ்சுகொண்டன், ஓலைச்சுவடியும் அதுக்குள்ள. தாவீது அடிகள் எண்டு பல மொழி தெரிஞ்ச பாதர், நெருப்பைக் கண்டு நெஞ்சு அடைச்சு அப்பிடியே செத்துப்போனார்.

ஈசூன் அக்கா, உங்கட கதையும் இதுவும் ஒண்டில்ல, அது எனக்குத் தெரியும். ஒருத்தர் புத்தகத்தை மேசையில அடிக்கிறதுக்கும் லைப்ரரியை எரிக்கிறதுக்கும் இடையில கன தூரம் கிடக்கு. ஆனா அந்த டொப் எண்ட சத்தத்தை நீங்க எழுதின இடத்தில எனக்கு வயித்தைப் பிசைஞ்சது, அவ்வளவுதான். லைப்ரரியைத் திரும்பத் திறந்த பிறகு ஊருக்குப் போகேக்க உள்ளுக்குப் போய் சும்மா ஒரு கதிரையில இருந்திட்டு வந்தன். வாசிக்கேல்ல, சும்மா இருந்தன்.

தேக்கா டு கோட்டூர்புரம்:

நான் சென்னைக்காரன், இங்க வந்து எட்டு வருசம் ஆச்சு ப்ரோ. 2010 செப்டம்பர்ல அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தாங்க, ஒன்பது மாடி, ஏசி, சொந்தப் புக்கக் கொண்டு போயி படிக்கிற ரூம் வேற. எங்க வீட்ல ஒரே ரூம்ல ஆறு பேரு, எனக்கு அது சொர்க்கம், காலையில டிபன் பாக்ஸோட போனா ராத்திரி தொரத்துற வரைக்கும் உள்ளதான். 2011 நவம்பர் 2, ஆட்சி மாறி ஆறு மாசம் கூட ஆகல, ஜெயலலிதா இத பிள்ளைங்க ஆஸ்பத்திரி ஆக்கப் போறோம், லைப்ரரி வேற இடத்துக்குப் போகும்னு அறிவிச்சுட்டாங்க. கட்டுனது கலைஞர், அதுதான் புக்குங்க செஞ்ச பாவம். ஆஸ்பத்திரி வேணாம்னு எவனாவது சொல்ல முடியுமா சொல்லுங்க? அங்கதான் ஆப்பு.

அன்னிக்கு சாயங்காலம் எங்க மாடியில இருந்த மேடம் ஒருத்தவங்க எப்பவும் போல ரிட்டர்ன் வந்த புக்கெல்லாம் நம்பர் பாத்து அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. "மேடம், மூடப் போறாங்களாமே, இத ஏன் இன்னும் அடுக்குறீங்க"ன்னு கேட்டேன், வாய்க் கொழுப்பு எனக்கு. "நாளைக்கு நீ வந்து கேட்டா எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பேன்?"னாங்க. ரெண்டு நாள்ல ஹைகோர்ட்டு தடை போட்டுச்சு, லைப்ரரி நின்னுச்சு. நடுவுல ஆடிட்டோரியத்த கல்யாண ரிசப்ஷனுக்கு எல்லாம் விட்டாங்க, அதுக்கும் கோர்ட்டுதான் வந்து தடுக்க வேண்டியதாப் போச்சு. நான் அங்க படிச்சுத்தான் இன்னிக்கு இங்க வேலை பாக்குறேன்.

பொங்கோல் அப்பா:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுறீங்க, நான் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கம்ப்ளெயிண்ட் குடுக்கிறது ஒரு குத்தமா? நம்ம வரிப்பணம், நம்ம பிள்ளைங்க. 2014ல பெரியவங்க ஷெல்ஃபுக்கு மாத்துனது எனக்கு சரின்னுதான் பட்டுச்சு, இப்பவும் சரின்னுதான் படுது. எரிச்சதோட எல்லாம் ஒப்பிடாதீங்க லா.

பிடோக் பெரியவர்:

குத்தமே இல்ல தம்பி, எனக்கு வந்த கம்ப்ளெயிண்ட்ல பாதி நியாயமானது. படிச்சுட்டு வந்து பேசுறவருக்கு நானே நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கேன். இவரு அந்தப் பொண்ணோட பேட்ஜ எதுக்குப் படிச்சாரு, அதச் சொல்லுங்க.

ஜூரோங் வெஸ்ட் அக்கா:

என் தங்கச்சி டெக்சஸ்ல ஒரு ஸ்கூல் லைப்ரரியில இருக்கா. போன வாரம் போன்ல, அக்கா இப்பெல்லாம் புது புக்கு ஆர்டர் போடும்போதே வேணாம்டா வம்புன்னு கை தானா சிலத விட்டுடுதுன்னா. யாரும் சொல்லல, இவளே விட்டுடுறா. அது எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அதுக்கு கம்ப்ளெயிண்டும் இல்ல, கோர்ட்டும் இல்ல, வாங்காத புக்கு எதுன்னு யாருக்குத் தெரியும்?

அவ பயத்துலயும் அர்த்தம் இருக்கு. அதே டெக்சஸ்ல லானோ கவுண்டின்னு ஒரு இடம், சூசெட் பேக்கர்னு ஒரு லைப்ரேரியன், சொன்ன புக்க ஷெல்ஃப்லேர்ந்து எடுக்க மாட்டேன்னு நின்னதுக்கு 2022ல வேலை போச்சு. ஒரு ஹார்ட்வேர் கடையில கேஷியரா நின்னாங்களாம். வழக்குப் போட்டாங்க, வேலை போயி மூணு வருசம் கழிச்சு கவுண்டி 225 ஆயிரம் டாலர் குடுத்து சமாதானம் ஆச்சு. பெரிய ஆளுங்களுக்கும் இதே கதிதான், அமெரிக்காவோட தேசிய நூலகம் மாதிரி இருக்கிற லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட தலைவியா இருந்த கார்லா ஹேடன், அந்தப் பதவிக்கு வந்த மொதப் பொண்ணு, மொதக் கறுப்பினத்தவங்க, 2025 மே 8 ராத்திரி ஒரு குட்டி ஈமெயில், "கார்லா"ன்னு ஆரம்பிச்சு உடனே பதவி போச்சுன்னு முடிச்சுட்டாங்க. பிள்ளைங்களுக்கு ஆகாத புக்க வச்சாங்கன்னு வெள்ளை மாளிகையில காரணம் சொன்னாங்க. அங்க படிக்கிற அட்டை வாங்கவே 16 வயசு ஆகணும், வீட்டுக்கு எடுத்துட்டும் போக முடியாது. நம்ம அங்கிள் பக்கம் தேடுன மாதிரிதான் இதுவும்.

ஈசூன் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு வேலை முடிஞ்சு நேரா போனேன். அந்தப் பொண்ணு லீவாம், வேற ஒரு தம்பி இருந்தாரு. நான் தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொண்டு போனேன், இந்த நாவல நான் ரெண்டு தடவ படிச்சிருக்கேன், போன வாரம் பொய் சொல்லிட்டேன், இந்த இந்தக் காரணத்துக்காக இது இங்க இருக்கணும்னு. இங்கிலீஷ்ல மக எழுதிக் குடுத்தா, என்னவிட நல்லா எழுதியிருந்தா. அந்தப் பொண்ணப் பத்தியும் நாலு நல்ல வார்த்தை எழுதி, ரெண்டையும் சேத்து மடிச்சுக் குடுத்தேன். தம்பி வாங்கி வச்சுக்கிட்டாரு, ஒண்ணும் கேக்கல.

புக்கு மேல்தட்டுலதான் இருந்துச்சு. எடுத்துட்டு வந்துட்டேன், 21 நாள்.

பிடோக் பெரியவர்:

நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்க, இப்ப அந்த அங்கிள் வந்து பாத்தா ஷெல்ஃப் காலி, ஜெயிச்சுட்டோம்னு சந்தோசப்படுவாரே 😄

ஈசூன் அம்மா:

ஐயோ ஆமா. ஆனா கணக்கு ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க. திருப்பிப் போட்டுட்டு மக கார்டுல இன்னொரு வாட்டி எடுக்குறேன்.

தேக்கா டு கோட்டூர்புரம்:

நடுவுல எனக்கு ஒரு வாரம் விடுங்கக்கா, என்ன புக்குன்னு தனியா மெசேஜ் போடுங்க.