படுவான்கரையில் மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளைகளைப் பார்க்க ஒரு மரத்தடி: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வாவிக்கரை மகள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப் பக்கம், மண்டூருக்கு மேற்கே இருக்கிற ஒரு சின்ன ஊரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் தீவு இல்லை. ஆனால் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு அலுவல் என்றால் குருமண்வெளிப் பாதையில் ஏறித்தான் போகவேண்டும். (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் ரோடு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவை.) மாரியில் வெள்ளம் வந்தால் மற்றப் பக்கமும் வெட்டிவிடும். அந்த நாட்களில் தீவுக்காரருக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

விஷயம் இதுதான். முன்பள்ளி 11.30க்கு விடும். அம்மாமார் களை பிடுங்க, கச்சான் பிடுங்க, சோளம் முறிக்க என்று போனால் வீடு வர 4.30 ஆகும். நடுவில் இருக்கிற ஐந்து மணித்தியாலம் பிள்ளைகள் அம்மம்மாமாரோடு. சில வீட்டில் அம்மா வெளிநாட்டில், அம்மம்மாதான் முழுநாளும். வயதுபோன மனுசி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயர்ந்தால் அது அவவுடைய பிழையா?

போன மாதம் பக்கத்து வளவில் மூன்று வயதுப் பொடியனைக் காணவில்லை என்று தேடினோம். கட்டில்லாத கிணற்றின் ஓரத்தில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் போட்டு, விழுகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவான் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனுடைய பெரியம்மா பின்னால் மெல்லப் போய் வாரித் தூக்கினா. எனக்கு அன்று இரவு நித்திரை இல்லை. என் மகளுக்கும் நாலு வயது.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கதைத்தோம். மத்தியானத்தில் இருந்து நாலரை வரை ஒரு பொது இடத்தில், மரத்தடியில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் என்ன? கட்டடம் கட்டக் காசு இல்லை. பெரிய புளியமரம் ஒன்று இருக்கிறது, வளவுக்காரர் சம்மதம். ஆனால் யார் பார்ப்பது, சம்பளம் எப்படி, ஏதும் நடந்தால் யார் பொறுப்பு, எதுவும் தெளிவில்லை. போதாததற்கு இரண்டு அம்மாமார் "அந்த நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதென்றால் அனுப்புகிறோம், சும்மா மண்ணில் விளையாட என்றால் வீட்டு மண்ணே போதும்" என்கிறார்கள். புளியமரத்தடி மத்தியானத்துக்கு ஆகாது, பேய் இருக்கும் என்று கிழவிமார் வேறு. செய்து பார்த்தவர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

கொக்கட்டிச்சோலை டீச்சர்

தங்கச்சி, இருபத்தாறு வருடம் முன்பள்ளியில் இருந்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். நீங்கள் கேட்கிற மாதிரி ஒன்றை எங்கள் பக்கம் ஆறு வருடமாக நடத்துகிறோம். இரண்டு தடவை குழம்பி நின்றது, மறுகா தொடங்கினோம். குழம்பின கதையைத்தான் முதல் சொல்லவேண்டும்.

முதல் தடவை ஒரு நிறுவனம் வந்து இரும்புச் சறுக்கு, இரும்பு ஊஞ்சல், சுற்றிவர வேலி, பெயர்ப்பலகை எல்லாம் போட்டுத் தந்தது. போட்டோ எடுத்தார்கள், போனார்கள். சறுக்கு வெட்டவெளியில் நின்றது. காலை பத்து மணிக்கே கை வைக்க ஏலாது, ஒரு பிள்ளைக்குத் தொடை வெந்து கொப்பளம் போட்டது. இரண்டு மாரி போக ஊஞ்சல் சங்கிலி கறள் பிடித்து அறுந்தது. திருத்த ஆளும் இல்லை, காசும் இல்லை. அந்தச் சறுக்கில் இப்போது யாரோ நெல்லுச் சாக்குக் காயப்போடுகிறார்கள்.

இரண்டாம் தடவை நாங்களே செய்தோம். தாய்மார் முறை வைத்து, நாளுக்கு இரண்டு பேர் சும்மா பார்ப்பது என்று. நல்ல எண்ணம், ஆனால் களை பிடுங்கிற காலம் வந்ததும் ஒருவரும் வரவில்லை. வருவார்களா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவது? எந்தக் காலத்துக்காகத் தொடங்கினோமோ அந்தக் காலத்திலேயே அது படுத்துவிட்டது.

மூன்றாம் தடவைதான் பிடித்தது. ஒரே மனுசி, நிரந்தரமாக, கூலியோடு. கூடவே ஒவ்வொரு நாளும் ஒரு தாய் அல்லது அம்மம்மா துணைக்கு. கூலியைக் காசாக மாதாமாதம் கேட்டால் இழுபடும். அதனால் போகத்துக்கு ஒரு பிள்ளைக்கு அரை மூடை நெல் என்று வைத்தோம். சூடு அடித்த கையோடு வாங்கிவிடுவோம். வயல் இல்லாத வீடு விறகு தரும், தேங்காய் தரும், இல்லையென்றால் துணைக்கு இரண்டு நாள் கூட நிற்கும். ஒரு தகப்பன் ஒன்றும் தரமாட்டேன் என்றார், ஆனால் கிணற்றுக்கு இரும்புக் கம்பியில் மூடி அடித்துத் தந்தார். அது அரை மூடையை விடப் பெறுமதி.

அந்தக் கிணறுதான் முதல் வேலை. பாய் வாங்கமுதல், பந்து வாங்கமுதல், மரத்தில் இருந்து ஒரு பிள்ளை ஓடிப் போகக்கூடிய தூரத்தில் உள்ள எல்லாத் தண்ணீரையும் நடந்து பாருங்கள். கிணறு, பூவல் (கையால் தோண்டின ஆழமில்லாத கிணறு), வாய்க்கால், மாரியில் நிரம்புகிற கிடங்கு. நாங்கள் ஒரு பின்னேரம் தாய்மார் எல்லாரும் சேர்ந்து நடந்தோம். ஒன்பது இடம் எண்ணினோம். நான் மூன்று என்று நினைத்திருந்தேன்.

பொறுப்பு யார் என்று கேட்டீர்கள். சங்கத்தின் கூட்டக் குறிப்பில் எழுதி, ஒவ்வொரு தாயிடமும் கையெழுத்து வாங்குங்கள். கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் கடிதம் கொடுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லிவையுங்கள். எங்கள் குடும்பநல மிஸ் இப்போது நிறை பார்க்கிற தராசை மரத்தடிக்கே கொண்டு வந்து கொப்பியில் குறிக்கிறா. கிளினிக்குக்குக் கொண்டுபோகாத பிள்ளைகளும் அதில் அகப்பட்டுவிட்டார்கள்.

எழுத்துக் கேட்கிற அம்மாமாரோடு சண்டை வேண்டாம். நான் அவர்களை ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னேன். கொக்கான் (கல்லை எறிந்து பிடிக்கிற விளையாட்டு) விளையாடுகிற பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க விரல் தானாக வரும். மஞ்சாடி விதையைப் பத்துப் பத்தாகப் பிரிக்கிற பிள்ளைக்குக் கணக்குத் தனியே தேவை இல்லை. மணலில் "அ" எழுதி அழிக்கலாம், கொப்பி கிழியாது. சரி, மஞ்சாடி பற்றி ஒன்று: மூன்று வயதுக்குக் கீழே உள்ளதுகளின் கையில் கொடுக்காதீர்கள். ஒரு சின்னவன் மூக்குக்குள் தள்ளிவிட்டான். ஓட்டோவில் மண்முனைப் பாலம் தாண்டி ஆரையம்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 2014இல் பாலம் திறக்கமுதல் என்றால் அந்த விதையோடு பாதைக்குக் காத்து நின்றிருப்போம்.

இது புதுச் சங்கதியும் இல்லை. சண்டைக் காலத்தில், 1996இல், மட்டக்களப்பு டவுனில் யேசுசபைப் பாதிரியார் போல் சற்குணநாயகமும் கனடாவில் இருந்து வந்த போல் ஹோகன் என்ற ஓவியரும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஊர் ஊராக பஸ்ஸில் வந்தார்கள். களிமண், சாயம், கதை, மரம், விலங்குகள், அவ்வளவுதான். செத்த வீடுகளைப் பார்த்து வாய் பேசாமல் இருந்த பிள்ளைகள் அங்கே மண்ணைப் பிசைந்துகொண்டு கதைக்கத் தொடங்கினார்கள். "சும்மா மண்ணில்" என்று சொல்கிற அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றுப் பீ.எச்.ஐ. (ஓய்வு)

சகோதரி, டீச்சர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன், என் தொழில் பக்கத்தில் இருந்து கொஞ்சம்.

மண் விளையாட்டுக்கு வயல் சேற்றை எடுக்க வேண்டாம். வாய்க்கால் ஓரத்துச் சேறும் வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் ஒரு கீறல், எலிக்காய்ச்சலுக்கு அவ்வளவு போதும். வயலில் இறங்குகிற பெரியவர்களுக்கு நாங்கள் முன்கூட்டியே மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். ஒரு உழவு மெசின் பெட்டி நல்ல மணல் கொண்டுவந்து, நிழலில் கொட்டி, இரவில் படங்கால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் ஊர்ப் பூனைக்கு அது கக்கூஸ்.

சிரட்டை, யோகட் கோப்பை வைத்து விளையாடினால் போகும்போது கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். மழைத் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிட்டுவிடும். பிள்ளைகளையே கவிழ்க்கப் பழக்குங்கள், பெரியவர்களை விட ஒழுங்காகச் செய்வார்கள்.

மரத்தடிச் சருகைக் காலையில் கூட்டாமல் பாய் விரிக்காதீர்கள். அறுவடை நேரம் புடையன் பாம்பு வளவுக்குள் வரும். நிறமும் சருகு நிறம்தான். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, நாட்டு வைத்தியரைத் தேடுவது ஒன்றும் வேண்டாம். பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. எந்த ஓட்டோக்காரன் வருவான் என்பதை முதலே பேசி, நம்பரை மரத்தில் எழுதித் தொங்கவிடுங்கள்.

கல்லடி மச்சான்

நான் டவுனில் கண்ணாடிக் கடையில் வேலை. சின்னப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லார் கையிலும் போன். சீனாவில் குவாங்சோ நகரத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட பள்ளிக்கூடங்களில் மூன்று வருடத்தில் 30.4 வீதமான பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது, விடாத இடங்களில் 39.5 வீதம். எழுத்துக் கேட்கிற அம்மாவுக்கு இதைக் காட்டுங்கள். மர நிழலும் வெளிதான், வெயிலில் நிற்கத் தேவையில்லை.

வடக்குக் கடல்

ஊர் களுவாஞ்சிகுடி, இப்போது ஸ்கொட்லாந்தில். இங்கே 2021 ஆகஸ்டில் இருந்து மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருடம் 1140 மணித்தியாலம் பராமரிப்பை அரசாங்கம் இலவசமாகத் தரவேண்டும். முழுநாளும் வெளியிலேயே நடக்கிற பாலர் பள்ளிகளும் உண்டு, பிள்ளைகள் மழை உடுப்போடு சேற்றில் உருளுகிறார்கள். ஆனால் சின்னத் தீவுகளில் சட்டம் இருந்தும் ஆள் இல்லை என்ற கதை கேட்டிருக்கிறேன். பிள்ளை நாலு பேர், படித்த பராமரிப்பாளர் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் கதவு பூட்டு, தாய் வேலையை விடுவாள். அதனால் டீச்சர் சொன்ன "ஒரே மனுசி, கூலியோடு" என்பதற்கு இரண்டாவது ஆளையும் இப்போதே பழக்கி வையுங்கள். அவவுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

கொக்கட்டிச்சோலை டீச்சர்

தம்பி சொன்னது சரி. எங்களுக்கு அது நடந்தது, மனுசி மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய்விட்டா, மூன்று கிழமை பூட்டு. மற்றபடி அங்கே மழைக்கு உடுப்பு, இங்கே வெயிலுக்கு மரம், அதைத்தான் இரும்புச் சறுக்குக்காரருக்கு விளக்க ஏலாமல் போனது.

வாவிக்கரை மகள்

டீச்சர், ஐயா, எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் நாங்கள் எட்டுப் பேர் நடந்து எண்ணினோம். பன்னிரண்டு தண்ணீர் இடம். இரண்டு கிணறு யாருடையது என்றே தெரியவில்லை. நெல் கணக்குக்கு ஏழு வீடு சம்மதம், எழுத்துக் கேட்ட இரண்டு அம்மாமாரில் ஒருவர் அதற்குள் இருக்கிறா. ஒன்று மட்டும் இடிக்கிறது. எங்கள் பக்கம் ஐந்து மணிக்குப் பிறகு யானை இறங்கும். 4.30க்குத் தாய் வரப் பிந்தினால்? மறுகா அந்தப் புளியமரப் பேய்க்கு என்ன செய்வது?

கொக்கட்டிச்சோலை டீச்சர்

நாலு மணிக்கே முடியுங்கள். பிந்துகிற தாயின் பிள்ளை எந்த வீட்டில் நிற்கும் என்று கொப்பியில் எழுதி வையுங்கள், தனியே ஒரு பிள்ளையும் நடக்கக்கூடாது. கூட்டமாகக் கொண்டுபோய் வீடு வீடாக விடலாம், அதுவே அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

பேய்க்கு, அதைச் சொன்ன கிழவிமாரையே முதல் கிழமை துணைக்குப் போடுங்கள். எங்கள் ஊரில் ஆலமரத்துக்கு அதைத்தான் செய்தேன். வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்தவர்கள் இன்னும் எழும்பவில்லை.