60 வயதுக்கு முன்பே ஆசிரியர்கள் ஏன் விலகுகிறார்கள்?

கேள்வி – பெற்றோர், தாப்பா, மலேசியா:
வணக்கம். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இவ்வாண்டு இரண்டு ஆசிரியர்கள் விருப்ப ஓய்வு பெற்றுவிட்டனர். கட்டாய ஓய்வு வயது 60 ஆக இருக்கையில், பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருந்த அவர்கள் ஐம்பதை எட்டுமுன்பே விலகியது ஏன்?

மறுமொழி – முன்னாள் ஆசிரியை:
ஐயா, 22 ஆண்டுகள் கற்பித்த என்னைக் கற்பித்தல் விரட்டவில்லை. மாணவர் 150க்கும் குறைந்த பள்ளியில் ஆசிரியரும் குறைவு. ஆனால் புறப்பாடம், பாடநூல் கடனுதவி, சிற்றுண்டிச்சாலை, போட்டிகள் என எல்லாப் பொறுப்பும் பெரிய பள்ளியைப் போலவே உண்டு. 2021இல் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு அகற்றப்பட்டதும் சுமை குறையுமென நம்பினோம். ஆனால், வகுப்பறை மதிப்பீட்டுக்காக ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் பாடவாரியாகப் பதிய வேண்டியிருந்தது. தோட்டத்தில் இணையம் கிடைக்காததால், செம்பனை லோரிகள் போகும் பெரிய சாலையோரம் காரை நிறுத்தி, மடிக்கணினியில் இரவுவரை பதிந்த நாள்கள் பல. ஒருநாள் இரண்டாம் ஆண்டு மாணவி வாசிப்பு நூலை நீட்டி, "டீச்சர், இன்னைக்காவது நான் படிக்கிறத கேப்பீங்களா?" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுமொழி – ஆசிரியர், கூலிம்:
அம்மா சொல்வது முற்றிலும் உண்மை. இதனுடன் இடமாற்றமும் சேர்கிறது. நான் வடக்கே கூலிமில்; என் மனைவி தெற்கே ஜொகூரில் கற்பிக்கிறார். எங்கள் இடமாற்ற விண்ணப்பம் மூன்று முறை நிராகரிக்கப்பட்டுவிட்டது. எங்கள் மகன் பாட்டியிடம் வளர்கிறான். அடுத்த விண்ணப்பமும் கைகூடாவிட்டால் எங்களில் ஒருவர் வேலையை விடத்தான் வேண்டும்.