ஏஐ டூல் மெமரியைப் படிக்கும்போது யூசார்ட்டில் பைட் தொலைகிறது (எஸ்டிஎம்32எஃப்407, ஓப்பன்ஓசிடி, எம்சிபி)

மின்னோடி:
எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, எஸ்டி-லிங்க் வி2 (போர்டைக் கணினியோடு இணைக்கும் டீபக் புரோப்), அதை இயக்கும் ஓப்பன்ஓசிடி மென்பொருள். ஓப்பன்ஓசிடியின் 6666 போர்ட்டில் பேசும் ஒரு பைத்தான் எம்சிபி சர்வர் (ஏஐக்கு வெளி டூல்களைத் தரும் இணைப்பு) இருக்கிறது. ஏஐ உதவியாளருக்கு அதில் ஒரு டூல்தான்: முகவரியும் நீளமும் கொடுத்தால் மெமரியைப் படித்து பைட்டுகளாகத் தரும். சிபியூவை நிறுத்துவதில்லை, ஓடும்போதே படிக்கிறது. கீழே வரும் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸில்.

யூசார்ட்1 (சீரியல் போர்ட்) 115200 பாடில் ஓடுகிறது. மெயின் லூப்பில் ஆர்எக்ஸ்என்இ பிட்டை (பைட் வந்திருக்கிறது என்ற அடையாளம்) பார்த்து, டிஆர் (டேட்டா) ரெஜிஸ்டரிலிருந்து பைட்டை எடுக்கிறேன். "யூசார்ட்1 நிலை என்ன" என்று கேட்டால் ஏஐ 40011000 முதல் 28 பைட் படிக்கிறது. அப்போதெல்லாம் வரும் டேட்டாவில் ஓரிரு பைட் காணாமல் போகிறது. ஓவர்ரன் ஃப்ளாக் (முந்தைய பைட்டை எடுக்கும் முன் அடுத்தது வந்துவிட்டது என்ற அடையாளம்) ஏறுவதில்லை. புரோப் சிப்போடு பேசும் எஸ்டபிள்யூடி இணைப்பின் வேகத்தை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.8க்குக் குறைத்தும் மாற்றமில்லை.

இன்னும் இரண்டு: 50.0 இருக்க வேண்டிய ஃப்ளோட் மாறிக்கு ஏஐ 18498 என்கிறது. டைமர்3 ரெஜிஸ்டர்கள் அனைத்தும் பூஜ்ஜியம். புரோப் பழுதா?

ரெஜிஸ்டர்கண்:
புரோப்பில் பழுதில்லை. உங்கள் பைட்டை டீபக்கர்தான் எடுத்துக்கொள்கிறது.

40011000 எஸ்ஆர் (நிலை ரெஜிஸ்டர்), 40011004 டிஆர். டிஆரை யார் படித்தாலும் ஆர்எக்ஸ்என்இ அழிந்துவிடும். படித்தது உங்கள் புரோகிராமா டீபக்கரா என்று யூசார்ட்டுக்குத் தெரியாது. 28 பைட் படிப்பு எஸ்ஆரைத் தொட்டு அடுத்ததாக டிஆரையும் தொடுகிறது. அந்த நேரம் பார்த்து வந்திருந்த பைட் ஏஐயின் பதிலுக்குள் போய்விடும், மெயின் லூப்புக்குப் புதிதாக எதுவும் வராதது போலவே இருக்கும். ஓவர்ரன் ஏறாததற்கும் காரணம் இதுதான். டிஆர் காலியாகிவிடுவதால் அடுத்த பைட் மோத இடமில்லை. ஏற்கெனவே ஏறியிருந்தாலும் எஸ்ஆர், டிஆர் என்ற அதே வரிசைப் படிப்பு அதை அழித்துவிடும். ஃபர்ம்வேர் மெதுவாக ஓடி பைட் போயிருந்தால் ஓவர்ரன் தெரிந்திருக்கும்.

115200இல் ஒரு பைட் வர சுமார் 87 மைக்ரோசெகண்ட். போலிங் லூப் அடுத்த சுற்றுக்கு வருவதற்குள் புரோப் முந்திக்கொள்ள அது தாராளம். இன்டரப்ட்டில் எடுத்தால் இது அரிதாகும், ஆனால் ஒழியாது.

செய்ய வேண்டியது: எம்சிபி சர்வரிலேயே தடைப் பட்டியல் வையுங்கள். யூசார்ட்1க்கு 40011000இல் 4 பைட், பிறகு 40011008இலிருந்து 20 பைட் மட்டும் படிக்கலாம். நடுவில் உள்ள டிஆரைத் தொடக்கூடாது. ப்ராம்ப்டில் "படிக்காதே" என்று எழுதுவது போதாது. பட்டியலில் உள்ள முகவரியைத் தொடும் எந்தப் படிப்பை ஏஐ கேட்டாலும் சர்வர் மறுக்க வேண்டும், மறுத்த காரணத்தையும் பதிலில் சொல்ல வேண்டும். காரணம் தெரியாவிட்டால் நீளத்தை மாற்றி மாற்றி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதே குணம் எஸ்பிஐ டிஆருக்கும் உண்டு. ஏடிசி டிஆரைப் படித்தால் இஓசி (மாற்றம் முடிந்தது) ஃப்ளாக் அழியும். ஐ2சி இன்னும் மோசம்: எஸ்ஆர்1 படித்து எஸ்ஆர்2 படித்தால் ஏடிடிஆர் ஃப்ளாக் அழியும், இரண்டும் அடுத்தடுத்த முகவரிகள். மொத்தமாக டம்ப் எடுத்தால் அந்த வரிசை தானாகவே நடந்துவிடும். சிப்பின் ரெஜிஸ்டர்களை விவரிக்கும் எஸ்விடி கோப்பில், ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால் என்ன மாறும் என்று குறிக்க இடம் உண்டு. ஆனால் எல்லா எஸ்விடியிலும் அதை நிரப்பியிருக்க மாட்டார்கள், ரெஃபரன்ஸ் மேனுவலைப் பார்த்துத்தான் பட்டியல் போட வேண்டும்.

சுற்றாளர்:
18498 எப்படி வந்தது என்று பாருங்கள். லிட்டில் எண்டியனில் (சிறு மதிப்பு பைட் முதலில் வரும் முறை) 50.0 மெமரியில் 00 00 48 42 என்று கிடக்கும். திருப்பிச் சேர்த்தால் 42480000, அதுதான் 50.0. ஏஐ இடமிருந்து வலமாக 00004842 என்று முழு எண்ணாக எடுத்திருக்கிறது, அது 18498. பைட்டுகளைக் கொடுத்துவிட்டுக் கணக்கை மாடலிடம் விடாதீர்கள். டூலுக்கு "வகை" என்று ஒரு பாராமீட்டர் சேர்த்து, மாற்றும் வேலையை பைத்தானின் ஸ்ட்ரக்ட் மாட்யூல் செய்யட்டும்.

முகவரியையும் சரமாக வாங்குங்கள். டூல் அழைப்பு போகும் ஜேசான் வடிவத்தில் ஹெக்ஸ் எண் கிடையாது. இன்டிஜர் என்று ஸ்கீமாவில் போட்டால் 40011004ஐ மாடல் தானே 1073811460 என்று மாற்ற வேண்டும், அதில் ஓர் இலக்கம் பிசகினால் வேறு ரெஜிஸ்டர். மாறிகளுக்கு முகவரியே வேண்டாம். பெயர் கொடுத்தால் பில்டில் கிடைக்கும் இஎல்எஃப் கோப்பின் சிம்பல் டேபிளில் (பெயர், முகவரி பட்டியல்) சர்வர் தேடட்டும். சிப்பில் ஏற்றியதும் அந்த இஎல்எஃப்பும் ஒரே பில்டா என்று ஜிடிபி டீபக்கரின் கம்பேர்-செக்ஷன்ஸ் கட்டளை சொல்லும்.

டைமர்3: 40023840ஐப் படியுங்கள், அது பெரிஃபரல்களுக்குக் கிளாக் கொடுக்கும் ஆர்சிசி ஏபிபி1 எனேபிள் ரெஜிஸ்டர். பிட் 1 பூஜ்ஜியமாக இருந்தால் கிளாக் இல்லை. கிளாக் இல்லாத பெரிஃபரல் பூஜ்ஜியம்தான் தரும்.

மின்னோடி:
டிஆரைத் தடுத்ததும் பைட் தொலைவது நின்றுவிட்டது. ஃப்ளோட்டும் சரி. பிட் 1 பூஜ்ஜியமாகத்தான் இருந்தது, கிளாக் கொடுத்ததும் டைமர்3 மதிப்புகள் வருகின்றன. மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மிச்சம்: 24 பைட் ஸ்ட்ரக்ட் ஒன்றைப் படித்தால் பாதி பழைய அளவீடு, பாதி புதியது. சிபியூவை நிறுத்திப் படிக்கலாமா?

ரெஜிஸ்டர்கண்:
நிறுத்தினால் சரியாக வரும், ஆனால் ஐவாட்ச்டாக் (ஐடபிள்யூடிஜி: புரோகிராம் நின்றுவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) ஓடினால் சிப் ரீசெட் ஆகும். டிபிஜிஎம்சியூவில் (டீபக் அமைப்பு ரெஜிஸ்டர்கள்) ஐடபிள்யூடிஜி ஸ்டாப் பிட்டை முதலில் ஏற்றுங்கள். பிடபிள்யூஎம்மில் (பல்ஸ் அகலத்தால் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் முறை) மோட்டாரோ ஹீட்டரோ இருந்தால் நிறுத்தவே வேண்டாம். கன்ட்ரோல் லூப் நின்று, மோட்டாரோ ஹீட்டரோ கடைசி டியூட்டியிலேயே (பல்ஸ் அகலத்திலேயே) ஓடிக்கொண்டிருக்கும்.

மாற்று வழி: ஸ்ட்ரக்ட்டோடு வோலடைல் கவுன்டர் ஒன்று. எழுதும் முன் ஒன்று கூட்டுங்கள், எழுதி முடித்து இன்னொன்று. ஸ்ட்ரக்ட்டும் வோலடைலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கம்பைலர் வரிசையை மாற்றலாம். டூல் கவுன்டரைப் படித்து, டேட்டா படித்து, மறுபடி கவுன்டரைப் படிக்கட்டும். இரண்டும் ஒன்றாகவும் இரட்டைப்படையாகவும் இருந்தால் மட்டும் ஏஐக்குத் தரட்டும். இல்லையென்றால் மறுபடி படிக்கட்டும்.

சுற்றாளர்:
ஓப்பன்ஓசிடி கட்டளை எதையும் அப்படியே அனுப்பும் டூலை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். ஆர்டிபி (படிப்புத் தடை) லெவல் 1 போட்ட சிப்பில் ஃபிளாஷ் படிப்பு தோற்கும். அதைப் பார்த்து ஏஐ அன்லாக் கட்டளை கொடுத்தால் லெவல் 0க்கு இறங்கும்போது ஃபிளாஷ் முழுவதும் அழிந்துவிடும். படிப்பு தவிர வேறெதுவும் அந்த சர்வர் வழியாகப் போகக்கூடாது.